கிரேக்க விடுதலையும் மலபார்த் தேக்கும்

மலேசியாவின் உலு திராம் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தலைமுறைக்கு அந்த மரத்தின் குணம் நன்றாகத் தெரியும். வெட்டிப் போட்ட தண்டைச் சில நாள் மழையில் விட்டால் நீலம் பாரித்துவிடும். பிறகு பூச்சி துளைத்து மாவாகக் கொட்டும். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் வாட்டும் கூடத்துக்கு விறகு, அவ்வளவுதான் வெகுகாலம் அதன் மதிப்பு. இன்று அதே மரம் மூவார் தொழிற்சாலைகளில் நாற்காலியாகவும் மேசையாகவும் மாறிக் கப்பலேறுகிறது. போரான் மருந்தை அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு வந்த வாழ்வு அது.

ரப்பர் பலகைக்கும் தேக்குப் பலகைக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தேக்கு எந்த மருந்தும் இல்லாமல் பல பத்தாண்டுகள் கடல் நீரில் கிடக்கும். இதற்குச் சாட்சி சொல்ல ஒரு போர்க்கப்பல் உண்டு. அது பம்பாயில் பிறந்து கிரேக்க விடுதலைப் போரின் நடுவில் போய் நின்றது.

ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர்கள் 1821இல் எழுந்தார்கள். மலைப்பகுதிப் போராளிகளும் தீவுகளின் வணிகக் கப்பல்காரர்களும் முதல் சில ஆண்டுகள் சுல்தானின் படைகளைத் திணறடித்தார்கள். பிறகு அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. 1825இல் எகிப்திலிருந்து இப்ராகிம் பாஷா பெரும்படையோடு பெலொபொனீஸில் இறங்கினார். 1826இல் மிசோலோங்கி நகரம் வீழ்ந்தது. மறு ஆண்டு ஏதென்ஸின் கோட்டையும் போயிற்று. போராட்டம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் லண்டனில் ஓர் உடன்படிக்கை செய்து, போரை நிறுத்தச் சொல்லிக் கப்பல்களை அனுப்பின. கிரேக்கர்மேல் அன்பு என்று மட்டும் சொல்ல முடியாது. ஒருவர் தனியாகப் போய் லாபம் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலைதான் மூவரையும் சேர்த்துக் கட்டியது என்பது என் கணிப்பு. 1827 அக்டோபர் 20, பிற்பகல். பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் காட்ரிங்டன் தலைமையில் கூட்டுப்படை நவாரினோ விரிகுடாவுக்குள் நுழைந்தது. உள்ளே ஒட்டோமான், எகிப்தியக் கப்பல்கள் குதிரை லாட வடிவில் நங்கூரமிட்டிருந்தன. காட்ரிங்டன் தம் கப்பலை நேராக எதிரித் தலைமைக் கப்பல்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சண்டை போட அவருக்குத் தெளிவான உத்தரவு கிடையாது. எங்கோ ஒரு படகிலிருந்து துப்பாக்கி வெடித்தது. சில மணி நேரம் இரு தரப்பும் நங்கூரமிட்டபடியே, மிக அருகிலிருந்து பீரங்கிகளால் சுட்டுக்கொண்டன. மாலைக்குள் ஒட்டோமான் கடற்படையின் பெரும்பகுதி எரிந்தும் மூழ்கியும் அழிந்தது. கூட்டுப்படையின் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. பாய்மரக் கப்பல்கள் மட்டுமே மோதிக்கொண்ட கடைசிப் பெருங்கடற்போர் இதுதான்.

காட்ரிங்டன் நின்ற கப்பலின் பெயர் ஏசியா. 84 பீரங்கிகள் கொண்ட அதைப் பம்பாய்க் கப்பல்துறையில் கட்டியவர் நவ்ரோஜி ஜம்ஷெட்ஜி வாடியா என்ற பார்சி. கடலில் இறங்கியது 1824 ஜனவரியில். மரம் மலபார்த் தேக்கு. மலபார் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. நவாரினோவில் ஏசியாவின் பின்பக்கப் பாய்மரம் முறிந்து விழுந்தது, கப்பல் உடம்பெல்லாம் குண்டு வாங்கியது, ஆனாலும் நின்றது. தேக்குதான் போரை வென்றது என்று சொல்ல மாட்டேன். ஓக் மரத்தில் கட்டிய கப்பல்களும் அன்று தப்பின. வென்றது பீரங்கிப் பயிற்சி. தேக்கின் வேலை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஏசியா கடற்படைக் கணக்கில் இருந்தது 1908 வரை.

எப்படி? மரம் முதிரும்போது தண்டின் நடுவிலுள்ள செல்கள் சாகின்றன. சாவதற்கு முன் தங்களிடமுள்ள சத்தை வேறு பொருள்களாக மாற்றி அங்கேயே படிய விடுகின்றன. இதைத்தான் நாம் வைரம் பாய்வது என்கிறோம். தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் என்ற பொருள் இருக்கிறது. கரையானுக்கு அது ஆகாது. எண்ணெய்ப் பசையும் உண்டு. ஓக்கில் உள்ள அமிலங்கள் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கில் அடித்த ஆணி அப்படிக் கெடுவதில்லை.

எல்லாவற்றையும் விட வியப்பு இன்னொன்று. தேக்கின் வைரத்துக்குள் ரப்பர் இருக்கிறது! தோட்டத்தில் பாலாக வடிகிற அதே வகைப் பொருள், நூற்றுக்கு ஐந்து பங்கு வரைகூட இருப்பதாக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். தண்ணீர் மரத்துக்குள் எளிதில் ஏறாமல் தடுப்பதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. ரப்பர் மரமோ தன் பாலைப் பட்டையில் வைத்திருக்கிறது. தண்டின் மரப்பகுதியில் மாவுச்சத்துதான் நிறைந்திருக்கும்; வைரமும் தனியாகப் பாய்வதில்லை. பூஞ்சையும் பூச்சியும் தேடி வருவது அந்த மாவுக்கு. ரப்பருக்குப் பெயர்போன மரத்தின் பலகையில் இல்லாத காப்பு, பெயரே எடுக்காத மரத்துக்குள் இருக்கிறது.

இவ்வளவு நல்ல மரத்துக்கு நேர்ந்ததும் தெரிந்ததே. கப்பல்துறைக்காக மலபார்க் காடுகள் மொட்டையாயின. 1806இலேயே மரத்தைத் தன் பிடியில் வைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் அதிகாரியை நியமித்தது. உள்ளூர் நிலக்காரர்களும் மர வணிகர்களும் வெறுத்த அந்த ஏற்பாட்டைச் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823இல் கலைத்தார். 1840களில் நிலம்பூரில் மலபார் ஆட்சியர் கொனோலி தேக்குத் தோட்டம் போட்டார். வெட்டியதை ஈடுகட்ட நட்டே ஆக வேண்டிய நிலை அதற்குள் வந்துவிட்டது. அவர் நட்ட மரங்களில் சில இன்னும் நிற்கின்றன.

நவாரினோ வெற்றியை லண்டன் அரசு கொண்டாடவில்லை. அரச உரையில் அது விரும்பத்தகாத நிகழ்ச்சி ஆனது, மறு ஆண்டு காட்ரிங்டனைத் திருப்பி அழைத்தார்கள். ஆனால் கடற்படை போன பிறகு இப்ராகிமின் படைக்குக் கிரேக்க மண்ணில் நிலைக்க வழியில்லை. 1830 பிப்ரவரி 3 அன்று லண்டனில் கிரேக்கம் தனி நாடு என்று வல்லரசுகள் ஒப்புக்கொண்டன.

ஏசியாவை இனிப் பார்க்க முடியாது. ஆனால் அதே பம்பாய்த் துறையில் அதே வாடியா குடும்பம் 1817இல் தேக்கில் கட்டிய இன்னொரு போர்க்கப்பல், நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கி, இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.