ஆசுபெக்ட் (மென்பொருள்)

ஆசுபெக்ட் என்பது புவி மூடகத்தின் வெப்பச்சலனத்தைக் கணினியில் உருவகப்படுத்தும் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். மூடகம், புவியோட்டின் அடியிலிருந்து ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை பரந்துள்ளது. அது திண்மப் பாறையே எனினும், கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்லப் பாய்கிறது. சூடான பாறை மேலெழ, குளிர்ந்த பாறை கீழிறங்குகிறது. இம்மென்பொருளை விளக்கும் முதல் ஆய்வுக்கட்டுரை 2012 இல் வெளியானது. இது குனூ பொதுமக்கள் உரிமத்தில் வழங்கப்படுகிறது.

சிறப்புக்கூறுகள்

* தகவமை வலை: வெப்பநிலை விரைந்து மாறும் இடங்களில் மட்டும் கணிப்பு வலையை நுண்மையாக்குகிறது. இதனால் கணிப்பு நேரம் குறைகிறது.
* துகள்கள்: பாறையின் இயைபையும் அது கடந்த பாதையையும் பின்தொடர்கின்றன. இவ்வசதி பின்னர் சேர்க்கப்பட்டது.
* பல்வலைத் தீர்வி: அண்மைய பதிப்புகளில் உள்ளது. பெரிய ஒப்புருக்களுக்கான நினைவகத் தேவையைக் குறைக்கிறது.

தென்னிந்தியாவும் மூடக ஒப்புருக்களும்

இத்தகைய ஒப்புருக்கள் ஆராயும் வினாக்களுள் ஒன்று தென் தமிழகத்தைத் தொடுகிறது. இந்தியாவுக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்திருப்பதால், கடல்மட்டம் புவியின் நீள்வட்ட மாதிரியைவிட 106 மீட்டர் வரை தாழ்ந்துள்ளது. தென்காசியும் குற்றாலமும் இத்தாழ்வுப் பகுதியில் அடங்குகின்றன. ஆகவே அங்கு செய்மதி இடங்காட்டி தரும் திருத்தப்படாத உயரம், கடல்மட்ட உயரத்தைவிடப் பல பத்து மீட்டர் குறைவாக இருக்கும்.

2023 இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பால், அத்ரேயி கோசு ஆகியோர், 14 கோடி ஆண்டுகால மூடகச் சலனத்தை உருவகப்படுத்தினர். ஆப்பிரிக்காவின் அடியிலிருந்து வந்த சூடான, அடர்த்தி குறைந்த பொருளே இத்தாழ்வுக்குக் காரணம் என விளக்கினர்.

ஒப்புருவின் விடை, பாறையின் பாகுநிலை முதலிய உள்ளீடுகளைப் பொறுத்தது. மூலநிரல் திறந்திருந்தால், உள்ளீடுகளை மாற்றி அவ்விடை நிலைக்கிறதா எனப் பிறரும் சோதிக்கலாம்.