‘ஸ்கூல்லயே பார்த்துட்டாங்க’

டீ ஆறுவதற்குள் ஒரு விஷயம் பேசிவிடலாம். பிள்ளைக்குக் கண் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டால், அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: “ஸ்கூல்லயே பார்த்துட்டாங்க, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க.” பள்ளியில் பார்ப்பது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நடப்பது சல்லடையில் சலிப்பது. சல்லடையில் நிற்காமல் போனதாலேயே குறை இல்லை என்று ஆகிவிடாது.

அந்தச் சலிப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சுவரில் ஓர் அட்டை, ஆறு மீட்டர் தள்ளிப் பிள்ளை. அட்டையை உருவாக்கியவர் ஸ்நெல்லன் என்ற டச்சு மருத்துவர், 1862-இல் வெளியிட்டார். மேலே தனியாக நிற்கும் பெரிய எழுத்து கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் உயரம். 6/6 என்று குறித்த வரியிலோ எழுத்து 9 மில்லிமீட்டர்கூட இல்லை. சீட்டில் 6/18 என்று எழுதியிருந்தால், நல்ல கண் 18 மீட்டரிலிருந்தே படிக்கும் எழுத்தைப் படிக்க உங்கள் பிள்ளை 6 மீட்டருக்கு வரவேண்டியிருக்கிறது என்று பொருள். இது மதிப்பெண் இல்லை. கூட்டிக் கழிக்க வேண்டாம்.

கோளாறு நடப்பது பெரும்பாலும் கையில். ஒரு கண்ணை மூடச் சொன்னால் பிள்ளை விரல்களை விரித்து வைத்துக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்க்கும். இல்லாவிட்டால் கண்ணை அழுத்திப் பிடிக்கும்; பிறகு அந்தக் கண்ணைத் திறந்ததும் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் தெரியும். உள்ளங்கையைக் குழித்து, கண்ணில் படாமல் மூட வேண்டும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முன்னால் படிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள், கெட்டிக்காரர்கள். ஆங்கில ‘ஈ’ எழுத்தை நாலு திசையிலும் திருப்பிக் காட்டி, கால்கள் எந்தப் பக்கம் என்று கேட்டால் இந்த மனப்பாடம் பலிக்காது. எழுத்தறியாத பிள்ளையும் கையைக் காட்டிச் சொல்லிவிடும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒரு வகைக் குறை தப்பிவிடும். பெரியவர்களுக்கு நாற்பதுக்கு மேல் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போகிறதே, அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வை இழப்பதால். பிள்ளைகளுக்கு நேர்மாறு. அவர்கள் லென்ஸ் அவ்வளவு இளக்கம். பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வைக் குறை உள்ள பிள்ளை, உள்ளே இருக்கும் தசையை இறுக்கி இறுக்கியே கடைசி வரி வரை படித்துவிடும். தேறியாகிவிட்டது. ஆனால் நாள் முழுக்க அப்படி இறுக்கிக்கொண்டு இருந்தால் சாயங்காலம் தலைவலி, படிப்பில் சலிப்பு; சில பிள்ளைகளுக்குக் கண் உள்பக்கமாகத் திரும்ப ஆரம்பிக்கும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பாட்டியை நமஸ்காரம் பண்ணிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கம்ப்யூட்டரில் பார்த்தால் சரியாகச் சொல்லாதா என்பீர்கள். முகவாயை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தால் நீண்ட சாலையின் கோடியில் ஒரு பலூன் தெரியுமே, அந்தக் கருவிதானே? பிள்ளை பலூனை உற்றுப் பார்த்துத் தசையை இறுக்கினால், அது இல்லாத மைனஸைக் காட்டும், இருக்கிற பிளஸை மறைக்கும். அதனால்தான் முதல் தடவையாவது சொட்டு மருந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அந்த மருந்து தசையைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறது. பிறகு இருட்டறையில் ரெட்டினோஸ்கோப் என்ற சின்ன விளக்கைக் கண்ணுக்குள் வீசி, கண் பாப்பாவுக்குள் தெரியும் செந்நிற ஒளி, விளக்கு நகரும் பக்கமே நகர்கிறதா, எதிர்ப்பக்கம் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, ஓட்டம் நிற்கும் இடத்தில் கணக்குப் போட்டால் பவர் வந்துவிடும். பிள்ளை வாயே திறக்க வேண்டாம். பேசத் தெரியாத குழந்தைக்கும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

மருந்து போட்டால் பாப்பா விரியும், வெயில் கூசும், பக்கத்து எழுத்து மங்கும். ‘மருந்து போட்டுப் பார்வை போச்சு’ என்று பதற வேண்டாம். சைக்ளோபென்டோலேட் என்றால் ஒரு நாளில் சரியாகும். அட்ரோபின் என்றால் பத்து நாளுக்கு மேல்கூட இருக்கும். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள். அட்ரோபின் போட்டு முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவது சோம்பேறிக் கண்ணுக்காகத்தான். ஒரு கண் நன்றாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால், மூளை நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துக்கட்டிவிடும். பிள்ளை முறையிடாது, இரண்டு கண்ணாலும் உலகம் எப்படித் தெரியும் என்று அதற்குத் தெரிந்தால் அல்லவா? கண்ணாடி போட்டு, தேவைப்பட்டால் நல்ல கண்ணைப் பிளாஸ்திரியால் தினமும் சில மணி நேரம் மூடி, விட்ட கண்ணை வேலை வாங்க வேண்டும். நடுத்தரக் குறைக்கு 2 மணி நேரமே போதும் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பிறகும் கொஞ்சம் உண்டு, ஆனால் உறுதி இல்லை. தமிழக அரசின் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் இலவசக் கண்ணாடி தருகிறார்கள், அருமையான திட்டம். ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக வகுத்தது. ஆறாம் வகுப்பில் பதினொரு வயது. ஆகவே பள்ளியில் சேர்க்கும்போதே ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடுங்கள். போட்டோவில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அந்த வாரமே போங்கள், அது வேறு கதை.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற பயம் இருக்கிறதே, அதற்கு ஆதாரம் இல்லை. வளரும் வயதில் கண் உருண்டை நீளும், கிட்டப்பார்வை அதனால் ஏறும். பழி கண்ணாடி மேல். 2002-இல் மலேசியாவில் வேண்டுமென்றே குறைந்த பவர் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வேகமாக ஏறியது.

ஏறுவதற்கு முன்னால் தடுக்க வழியுண்டா என்றால், வெளிச்சம். சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் கிட்டப்பார்வை புதிதாக வந்தது அந்தப் பிள்ளைகளில் 30 சதவீதம் பேருக்கு. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 40. நம் ஊரில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கித் திருப்பித் தருவதே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் அதைக் கேட்டால் தப்பில்லை.

மருத்துவரிடம் போகும்போது பழைய கண்ணாடியையும் பழைய சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். போன வருஷம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பதை வைத்துத்தான் அடுத்த தடவை ஆறு மாதத்திலா, ஒரு வருஷத்திலா என்று சொல்வார்கள்.