மீன் தொட்டியும் மின்சூடேற்றியும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

காஞ்சி என்றதும் பட்டும் கோயிலும் நினைவுக்கு வரும். ஓரிக்கையில் நெசவாளர் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டில் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது தறிக்குப் பக்கத்துச் சுவரோரம் இருக்கும் அறுபது லிட்டர் கண்ணாடித் தொட்டி. ஒரு சேலைக் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தில் அப்பா அதை வாங்கித் தந்தார். வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூருக்கு நானே சென்று, ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்களை வாங்கி வந்தேன். அவை குஞ்சு பொரித்தால் விற்றுத் தேர்வுக் கட்டணம் கட்டலாம் என்பது என் கணக்கு.

மார்கழி வந்தது. இரவில் நீர் குளிர்ந்தால் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் எளிதில் பற்றும் என்று கேள்விப்பட்டு, மின்சூடேற்றி ஒன்று வாங்கினேன். “பெரியதாக வாங்கினால் சீக்கிரம் சூடாகும்” என்றார் கடைக்காரர். நானும் 200 வாட் சூடேற்றியை வாங்கி, திருகை 26 டிகிரியில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கினேன். பத்தாம் நாள் விடியற்காலை தறியில் உட்காரப் போன அப்பா என்னை எழுப்பினார். மீன்கள் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. வெப்பமானி 38 டிகிரி காட்டியது. சூடேற்றியின் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

“தறியில இழை அறுந்தா உடனே கண்ணுக்குத் தெரியுது. இதுல என்ன கெட்டுச்சுன்னு எப்படிடா தெரியும்?” என்றார் அப்பா. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

உள்ளே இருப்பது என்ன?

சூடேற்றியின் அமைப்பு எளியதே. கண்ணாடிக் குழாய்க்குள் நிக்ரோம் கம்பிச் சுருள் ஒன்று. அதன் மேலே, நாம் பள்ளியில் படித்த அதே ஈருலோகத் தகடு. இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால், சூடு ஏறினால் தகடு வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கிறது. ஆறினால் நிமிர்ந்து மீண்டும் இணைக்கிறது. இணைப்புப் புள்ளிகள் தயங்காமல் சட்டென்று சேரவும் பிரியவும் பல சூடேற்றிகளில் சிறு காந்தம் ஒன்றும் வைத்திருப்பார்கள்.

எங்கள் பேராசிரியர் ஒருவரின் துணையோடு, கெட்டுப்போன சூடேற்றியை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தோம். இணைப்புப் புள்ளிகள் இரண்டும் பற்றவைத்தாற்போல ஒட்டிக்கிடந்தன! சுற்று ஒவ்வொரு முறை பிரியும்போதும் அங்கே ஒரு சிறு பொறி பறக்கிறது. அந்தப் பொறி உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கிக் குழியாக்குகிறது. இப்படிப் பலமுறை நடந்து, ஒருநாள் உருகிய முனைகள் ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் தகடு எவ்வளவு முயன்றாலும் பிரிக்க முடியாது. புள்ளிகள் கரியும் அழுக்கும் படிந்து சேராமலே போவதும் உண்டு. அப்போது நீர் குளிரும்.

இவ்விரண்டில் நம் ஊருக்கு எது ஆபத்து? குளிர்நாட்டில் சூடேற்றி அணைந்துபோனால் மீன் செத்துவிடும். இங்கோ மார்கழி இரவிலும் நீர் சில டிகிரிதான் குறையும். பெரும்பாலான மீன்கள் ஓரிரு நாள் தாங்கிக்கொள்ளும். அணையாமல் எரிந்தாலோ மீள வழியில்லை. நமக்கு எமன் குளிரில் இல்லை, சூட்டில்தான் இருக்கிறான்.

ஒரு சிறு கணக்கு

ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி வெப்பம் தரும். 200 வாட் சூடேற்றி ஒரு மணி நேரத்தில் செலவிடுவது 0.2 யூனிட், அதாவது 172 கிலோ கலோரி. அதை 60 லிட்டர் நீருக்குப் பகிர்ந்தால், மணிக்கு ஏறத்தாழ 2.9 டிகிரி உயர்வு. இரவு பத்து முதல் காலை ஐந்து வரை ஏழு மணி நேரம் எரிந்தால் 20 டிகிரி! ஆவியாதலாலும் கண்ணாடி வழியாகவும் வெப்பம் வெளியேறியதால்தான் என் தொட்டி 38 டிகிரியோடு நின்றது.

சூடு ஏறினால் மீன் ஏன் திணறுகிறது? நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும். 35 டிகிரியில் சுமார் 7 மில்லிகிராம்தான். அதே வேளையில் மீனின் உடலியக்கம் விரைவுபட்டு, உயிர்வளித் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான் அதற்கும்.

இதே இடத்தில் 50 வாட் சூடேற்றி இருந்திருந்தால்? மணிக்கு 0.7 டிகிரிதான். நீர் சூடேறச் சூடேற வெளியேறும் வெப்பமும் கூடுவதால், அறையின் வெப்பத்தைவிடச் சில டிகிரி ஏறியதும் அது தானே நின்றுவிடும். விடியும்போது மீன்கள் உயிரோடு இருந்திருக்கும். கடைக்காரர் சொன்ன ‘பெரியது’தான் என் மீன்களைக் கொன்றது.

மற்றக் கோளாறுகள்

குழாயின் மூடி இறுகாமல் நீராவி உள்ளே புகுந்தால் புள்ளிகள் துருப்பிடிக்கும். நீர் மாற்றும்போது சூடேற்றியை அணைக்க மறந்தால், காற்றில் நிற்கும் கண்ணாடி மிகவும் சூடேறும். மேலே குளிர்ந்த நீர் பட்டதும் விரிசல் விடும். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப்போல உப்பு மிகுந்த நீரானால், குழாய்மீது சுண்ணாம்பு படிந்து வெப்பம் நீருக்குப் போகாமல் தடுக்கும்.

விரிசல் விட்ட குழாய் மீனுக்கு மட்டுமன்று, மனிதருக்கும் பகை. தொட்டி நீருக்குப் புவி இணைப்பு இல்லாததால் உருகி எரியாது. யாராவது கைவிடும்வரை ஆபத்து வெளியில் தெரியாது. கைவிட்டதும் அவர் உடலே பாதையாகிவிடும். இக்குறை நம் ஊர்ப் பொருளுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். 2011இல் அமெரிக்காவில், தீப்பற்றும், உடைந்து காயப்படுத்தும் என்று கருதி, ஒரே நிறுவனத்தின் சூடேற்றிகள் பத்து லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன.

என்ன செய்யலாம்?

ஒரு காவலன் தூங்கினால் இன்னொரு காவலன் வேண்டும். வெளியில் வைக்கும் தனி வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியின் வழியே சூடேற்றிக்கு மின்சாரம் கொடுத்தால், இரு திறப்பான்களும் தொடரிணைப்பில் அமைகின்றன. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது துண்டிக்கும். ஒவ்வொன்றும் ஓராண்டில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என வைத்துக்கொள்வோம். இரண்டும் தனித்தனிக் காரணத்தால் அதே ஆண்டில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான். அதுபோல ஒரு பெரிய சூடேற்றிக்குப் பதில் இரு சிறியவற்றைப் பக்க இணைப்பில் வைத்தால், ஒன்று அணைந்தாலும் மற்றது காக்கும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் நீரைக் கொதிக்கவைக்கும் வலு அதற்கு இராது.

இவற்றோடு வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்புக் கருவி அவசியம் வேண்டும். தொட்டியில் கைவிடுமுன் செருகியைக் கழற்றுங்கள். நீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே அணைத்து விடுங்கள். சூடேற்றியின் விளக்கை நம்பாமல், தனி வெப்பமானியை நாளும் பாருங்கள். பங்குனி பிறந்ததும் சூடேற்றியை எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது எங்கள் தொட்டியில் 25 வாட் சூடேற்றிகள் இரண்டும் வெளிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் இருக்கின்றன. இரவில் மேலே பலகை மூடி, மூன்று பக்கமும் சாக்கு சுற்றி வைக்கிறேன். பல இரவுகளில் இதுவே போதுமானதாக இருக்கிறது. சூடேற்றி எரிவதே அபூர்வம்.

புதிய ஜோடி மீன்கள் இன்னும் முட்டையிடவில்லை. ஆனால் நாள்தோறும் விடியற்காலையில் தறிக்குழியில் இறங்குமுன், அப்பா தொட்டியருகே குனிந்து வெப்பமானியைப் பார்க்கிறார். “இருபத்தாறுடா” என்கிறார். அதன் பிறகே நாடாவைக் கையில் எடுக்கிறார். எந்தக் கருவியானாலும் அதைக் கண்காணிக்க ஒரு கண் வேண்டும். இழை அறுவதைப் பார்த்துப் பழகிய கண்ணானால் இன்னும் நல்லது.