48 மணி நேரத்தில் ஒரு விளையாட்டு

வீடியோ கேம் உருவாக்கும் இணையப் போட்டிகளில் மூத்தவற்றுள் ஒன்று, 2002-இல் தொடங்கிய லூடம் டேர். கட்டணம் இல்லை, போடி அரசுப் பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்தும், உத்தமபாளையம் கருத்த ராவுத்தர் கல்லூரியிலிருந்தும் மாணவர்கள் கலந்துகொள்ளலாம். கருப்பொருள் அறிவிக்கப்பட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். தனியாளுக்கு 48 மணி நேரம். நிரல், படம், ஒலி எல்லாம் அவரே செய்தாக வேண்டும். குழுவுக்கு 72 மணி நேரம். விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ, பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் இலவசம், அதனால் செலவும் பெரிதில்லை.

விளையாட்டின் கதைக்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. இட்லி சுடும் தமிழ்க் குடும்பத்தைக் காட்டிய 'வெண்பா' என்ற வீடியோ கேம், கனடாவில் உருவாகி 2023-இல் வெளிவந்து, மறு ஆண்டு பாஃப்டா விருது பெற்றது. கம்பம் திராட்சைத் தோட்டமும் முல்லைப் பெரியாற்று நீரும் இன்னும் திரைக்கு வரவில்லை என்றால், அது வாய்ப்புதான். லூடம் டேர் போட்டியில் பரிசுப் பணம் கிடையாது. பங்கேற்றவர்களே ஒருவர் படைப்பை மற்றவர் விளையாடி மதிப்பெண் இடுகிறார்கள்.