முகம் யாருடையது?

அமெரிக்காவில் பழைய கறுப்பினப் பொம்மைகளைத் தேடிச் சேகரிப்பவர்கள், ஏலத்திலோ சந்தையிலோ ஒரு பீங்கான் பொம்மை கைக்கு வந்தவுடன் அதன் அழகில் மயங்கிவிடாமல், அதைத் திருப்பிப் பிடரியில் பொறித்திருக்கும் கம்பெனி முத்திரையையும் அச்சு எண்ணையும் படித்து, கழுத்தின் உட்புறத்தையும் ஆராய்ந்து, கறுப்பு நிறம் களிமண்ணோடு கலந்து சூளையில் வெந்ததா, வெள்ளைப் பீங்கானின்மேல் பிற்பாடு ஏற்றிய வெறும் பூச்சா என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே விலை பேச வாயெடுப்பார்கள். பணத்தைப் பொறுத்த விஷயம் அத்துடன் தீர்ந்துவிடலாம். ஆனால் சேகரிப்பவர்களை உண்மையில் ஆட்டிவைப்பது வேறொரு கேள்வி: இந்த முகத்தைத் தீர்மானித்தவர் யார்?

ஜெர்மனியிலும் பிரான்சிலும் அந்நாளில் தயாரான கறுப்புப் பொம்மைகளில் பல, வெள்ளைக் குழந்தைக்கென்று செய்த அதே அச்சில் வார்த்து நிறம் மட்டும் மாற்றப்பட்டவை. அப்படியல்லாதவற்றில் பல உருட்டு விழியும் தடித்த உதடுமாக, கேலிக்கென்றே சிருஷ்டிக்கப்பட்டவை. இவ்விரண்டுக்கும் நடுவே கண்ணியமான ஒரு பொம்மையைத் தேடிச் சலித்த ரிச்சர்ட் ஹென்றி பாய்டு என்பவர் — அடிமையாகப் பிறந்து பாப்டிஸ்ட் போதகராகவும் பதிப்பாளராகவும் உயர்ந்தவர் — 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாஷ்வில் நகரில் பொம்மைக் கம்பெனியொன்றையே ஸ்தாபித்தார்.

கடைக்கு வராத பொம்மைகளின் கதை இதைவிடப் பழையது. வட கரோலினாவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி, தம் சரித்திரத்தை 1861-ல் நூலாக வெளியிட்ட ஹாரியட் ஜேக்கப்ஸ், தாம் ஊழியம் செய்த நியூயார்க் வீட்டுக் குழந்தைகளுக்குத் தைத்தளித்தவை என்று கருதப்படும் மூன்று துணிப் பொம்மைகள், 2022-ல் அந்நகரின் சரித்திரச் சங்கத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கந்தலும் காலுறையும் பஞ்சும் நூலும் கொண்டு இப்படித் தைத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, கறுப்புக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி எது நல்லது என்று கேட்டதும், பலர் வெள்ளையையே சுட்டியதும், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாதென்ற 1954-ஆம் வருஷத் தீர்ப்பில் அவ்வாராய்ச்சி எடுத்தாளப்பட்டதும் பிரசித்தம். அந்தக் காலத்துக் கடைகளில் வேறு முகம் கிடைக்க இரண்டு பெண்மணிகள் பாடுபட்டார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது.

கறுப்பரான கார்ட்டூன் சித்திரக்காரி ஜாக்கி ஓர்ம்ஸ், பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகையில் தாம் வரைந்து வந்த வாயாடிச் சிறுமி பாட்டி-ஜோவை 1947-ல் டெர்ரி லீ கம்பெனியின் மூலம் பொம்மையாக்கினார். அச்சு அக்கம்பெனியின் மற்றப் பொம்மைகளுக்குரிய அதே அச்சுத்தான். எனினும் புருவமும் கண்ணும் உதடும் தூரிகையால் வேறு ஜாடை பெற்றன. அச்சை மாற்றாமலே முகத்தை மாற்றலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இரண்டே வருஷந்தான் ஒப்பந்தம் நீடித்தது. ஆகவே இன்று அது அபூர்வம்.

புளோரிடாவின் பெல் கிளேடைச் சேர்ந்த ஸாரா லீ கிரீச் வெள்ளைக்காரர். கறுப்புச் சிறுமிகள் வெள்ளைப் பொம்மையோடு விளையாடக் கண்டு மனம் நொந்து, கறுப்புக் குழந்தைகள் பலரைப் புகைப்படமெடுத்து, அப்படங்களைக்கொண்டு ஒரு சிற்பியிடம் புதிதாகத் தலை செய்வித்தார். எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் ஆதரித்தார். எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் பிரமுகர்களைக் கூட்டி, தோலுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று அபிப்பிராயம் கேட்டார். 1951-ல் ஐடியல் கம்பெனி வெளியிட்ட ஸாராலீ பொம்மை சில வருஷங்களே விற்றது.

முகமும் ஆலையும் கறுப்பர்களுக்கே சொந்தமாக அமைந்தது அதற்கும் பின்னால். லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பர்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்துக்கு மூன்று வருஷம் கழித்து, 1968-ல், அந்நகரில் கறுப்பர்களே நடத்திய ஷிண்டானா தொழிற்சாலை, மாட்டெல் கம்பெனியின் பண உதவியோடு, பேபி நான்ஸி என்ற பொம்மையை வெளியிட்டது. அதற்கு முந்தின வருஷம் அதே மாட்டெல் விற்ற கறுப்பு பிரான்ஸி பொம்மை, வெள்ளை அச்சில் வார்த்த பழைய சங்கதிதான் என்பது ஒரு வேடிக்கை.

முன்னே சொன்ன கேலிப் பொம்மைகளை என்ன செய்வதென்பதில் சேகரிப்பவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம். வீட்டுக்குள் நுழையவே விடமாட்டோம் என்பார் ஒரு சாரார். மறைத்தால் நடந்தது நடக்காததாகிவிடும் என்பார் மறு சாரார். காலமும் கம்பெனியும் குறித்துச் சீட்டு ஒட்டி, துணிப் பொம்மைகளுக்குப் பக்கத்திலேயே அவற்றையும் வைப்பவர்கள் கட்சிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.