மேடைக்கு வராதவர்களும் ஆல்பத்தில் உண்டு!

பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? மணமக்கள் படங்களை நாலைந்து பக்கங்களில் தாண்டிவிடுவோம். அதன் பிறகு விரல் தேடுவது வேறு முகங்களைத்தான். ‘இது நம்ம செங்கல்பட்டுப் பெரியம்மாதானே... அடுத்த வருஷமே போயிட்டாங்க’, ‘அட, இந்தக் குட்டிதான் இப்ப காலேஜ் போறாளா?’, ‘அப்பா அன்னிக்கு எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கார் பாரு!’

அந்த முகங்கள் ஆல்பத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேடையில் வரிசையாக நின்று, கையில் கிஃப்ட் பார்சலோடு, ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண்ணை அகல விரித்துக்கொண்டு! ‘அடுத்து மாமா ஃபேமிலி வாங்க’ என்று யாரோ கூப்பிட்டு, ஏறி நின்று, இறங்கியவர்களின் படங்கள் அவை. சரி, கூப்பிடப்படாதவர்கள்? மேடைக்கே வராதவர்கள்? அவர்கள் ஆல்பத்திலும் இருக்க மாட்டார்கள்.

நிற்கச் சொல்லாமல், சிரிக்கச் சொல்லாமல், நடப்பதை நடந்தபடியே பிடிக்கும் ‘கேண்டிட்’ போட்டோகிராபியின் அருமை இங்கேதான் இருக்கிறது. இன்று கல்யாண பட்ஜெட்டில் மண்டபம், சமையல், நகை வரிசையில் கேண்டிட்டுக்கும் தனியாக ஒரு வரி வந்துவிட்டது. கூடவே ஒரு தப்பான எண்ணமும் வந்துவிட்டது. பின்னணி மங்கலாக இருந்து, மணப்பெண் கீழே குனிந்து சிரித்தால் அது கேண்டிட்! ‘கேமராவைப் பார்க்காத மாதிரி பாருங்க’ என்று சொல்லி எடுப்பது அழகான படமாக இருக்கலாம். ஆனால், அது போஸ்தான். உண்மையான கேண்டிட் போட்டோகிராபரின் வேலை வேறு.

கோர்ட்டில் தொடங்கிய கதை

இந்தப் பாணி பிறந்தது கல்யாண வீட்டில் அல்ல. 1928-ல் ஜெர்மனியில் எரிக் சாலமன் என்பவர், தொப்பிக்குள் கேமராவை ஒளித்து வைத்து ஒரு கொலை வழக்கு விசாரணையைப் படமெடுத்தார். பெரிய தலைவர்களின் கூட்டங்களிலும் அவர்கள் அறியாத நேரத்தில் கிளிக் செய்தார். இவருடைய படங்களைப் பற்றிப் பேசும்போதுதான் லண்டன் பத்திரிகை ஒன்று ‘கேண்டிட் கேமரா’ என்ற வார்த்தையைப் பயன்படுத்தியது.

1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா என்ற சிறிய கேமரா, போட்டோகிராபர்களை ஸ்டாண்டிலிருந்து விடுதலை செய்தது. கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கலாம். அந்த லைக்காவோடு உலகம் சுற்றிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன், ஒரு காட்சி முழுமையாகத் திரண்டு வரும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருப்பதையே கலையாக்கினார். 1952-ல் வெளியான அவருடைய புத்தகம் இன்றும் இந்தத் துறையினருக்குப் பாடநூல்.

பத்திரிகைக்காரர்களின் இந்தப் பழக்கத்தைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் டெனிஸ் ரெக்கி. 1996-ல் ஜான் எஃப். கென்னடியின் மகன், ஒரு தீவில் இருந்த சின்ன மரத் தேவாலயத்தில் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார். வெளியே வரும்போது மனைவியின் கையை எடுத்து அவர் முத்தமிட்ட அந்த நொடியை ரெக்கி பிடித்தார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல. மூன்றே வருடங்களில் அந்தத் தம்பதி விமான விபத்தில் இறந்துபோக, உலகம் அவர்களை நினைவில் வைத்திருப்பது அந்தப் படத்தால்தான்.

நம்மூரில் கதை வேறு பாதையில் வந்தது. முதலில் ஸ்டுடியோவுக்கே போய் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பிறகு மண்டபத்துக்கே வந்த ஃபிலிம் ரோல். ஒரு ரோலுக்கு 36 படம் என்பதால் எண்ணி எண்ணித்தான் எடுக்க முடியும். அடுத்து, கண்ணைக் கூச வைக்கும் விளக்கோடு வீடியோ. இதயத்துக்குள் மணமக்கள், தாமரைக்குள் மணமக்கள் என்று கேசட்டில் செய்த வித்தைகளை யாரால் மறக்க முடியும்! டிஜிட்டல் வந்து ரோல் கணக்கு ஒழிந்த பிறகுதான், ‘யாரும் கூப்பிடாத ஒரு படத்தையும் எடுத்துப் பார்க்கலாமே’ என்ற துணிச்சல் வந்தது.

விடியற்காலை மணமகள் அறை

ஆறு மணி முகூர்த்தம் என்றால், கேண்டிட் போட்டோகிராபருக்கு நாள் மூன்று, மூன்றரை மணிக்கே தொடங்கிவிடும். மணமகள் அறையில் ஒரு பக்கம் மேக்கப், ஒரு பக்கம் தலையில் பூ தைக்கிறார்கள், ‘ஒட்டியாணம் எங்கே?’ என்று யாரோ தேடுகிறார்கள். இந்தக் களேபரத்தின் நடுவில் பாட்டி ஒருவர் பேசாமல் உட்கார்ந்து பேத்தியையே பார்த்துக்கொண்டிருப்பார். போட்டோகிராபரின் கண் போக வேண்டிய இடம் அது.

முதல் அரைமணி நேரம் பலர் கேமராவை அதிகம் தூக்குவதே இல்லை. பேசுவார்கள், காபி வாங்கிக் கொடுப்பார்கள், சும்மா நிற்பார்கள். ‘போட்டோகிராபர் வந்திருக்கார்’ என்ற உணர்வு அறையிலிருந்து மறைந்த பிறகுதான் உண்மையான முகங்கள் வெளியே வரும். பெண் போட்டோகிராபர்களுக்கு வரவேற்பு கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மணமகள் அறையில் அவர்கள் இருந்தால் யாரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியதில்லை.

ஒரு நிமிடம்கூட இல்லை

கெட்டிமேளம் ஒலிக்கிறது. கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கிறது. நாலு பக்கமும் அட்சதை பறக்கிறது. இருபது செல்போன்கள் உயர்கின்றன. ஹோமப் புகை வேறு. இதற்குள்ளே முதல் முடிச்சு, நாத்தனார் போடும் மற்ற முடிச்சுகள், எல்லாம் முடிந்துவிடும். ‘இன்னொரு தடவை’ என்று கேட்க முடியாத ஒரே படம் இதுதான்.

அதனால்தான் இந்த வேலையில் கேமரா அறிவைவிடச் சடங்கு அறிவு முக்கியம். தாரை வார்த்த பிறகு என்ன, எந்தப் பக்கம் திரும்பி உட்காருவார்கள், தாலித் தட்டு சபையில் சுற்றி வந்து எந்த வழியாக மேடைக்குத் திரும்பும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டும். முதல் நாளே புரோகிதரிடம் ஐந்து நிமிடம் பேசிவைப்பவர், மறுநாள் தவிக்க மாட்டார். மேடைப் படங்களை எடுக்கும் வழக்கமான போட்டோகிராபர், வீடியோகிராபர் ஆகியோருடன் ‘நீங்க இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்’ என்ற உடன்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் படத்தில் இன்னொருவரின் முதுகுதான் விழும்.

தாலி கட்டும் கையை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். அதே நொடியில் மணப்பெண்ணின் அப்பா முகம் எப்படி இருக்கிறது? இரண்டையும் ஒருவரே எடுக்க முடியாது. பெரிய கல்யாணங்களுக்கு இரண்டு கேண்டிட் போட்டோகிராபர்கள் வருவது இதற்குத்தான். ஒருவர் முடிச்சைப் பார்ப்பார். மற்றவர் அதைப் பார்ப்பவர்களைப் பார்ப்பார்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தேவாலயத்தில் எதுவரை போகலாம், ஃபிளாஷ் போடலாமா என்பதைப் பாதிரியாரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நிக்காஹ்வில் மணமகனும் மணமகளும் தனித்தனி இடங்களில் அமர்ந்திருக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், மணமகள் சம்மதம் சொல்லும் அந்தக் கணம் வேறு அறையில் நடக்கும். அங்கே ஒரு பெண் போட்டோகிராபர் இருந்தால்தான் அந்தப் படம் கிடைக்கும்.

சத்தமில்லாமல் படமெடுக்கும் மிரர்லெஸ் கேமராக்கள் இந்த இடங்களில் பெரிய உதவி. ஆனால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில எல்.இ.டி. மேடை விளக்குகளின் கீழே ‘சைலன்ட்’ முறையில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அனுபவசாலிகள் விளக்கைப் போடச் சொல்லி முன்பே சோதித்துவிடுவார்கள்.

தூணுக்குப் பின்னால் ஓர் அம்மா

கேண்டிட் என்பது ஃபேஷன் மட்டுமல்ல என்று புரியும் இடம் ஒன்று உண்டு. கணவரை இழந்த தாய், தன் பிள்ளையின் கல்யாணத்திலேயே மேடையை விட்டு ஒதுங்கி நிற்கும் காட்சியை இன்றும் பல மண்டபங்களில் பார்க்கலாம். கல்யாணத்துக்காக எல்லா வேலையும் செய்தவர் அவர்தான். தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னாலோ, பந்தி நடக்கும் இடத்திலோ நின்று எட்டிப் பார்ப்பார். மேடைப் படங்களை மட்டும் வைத்து ஆல்பம் போட்டால், அந்தக் கல்யாணத்தில் அந்த அம்மா இல்லவே இல்லை என்றாகிவிடும்.

கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்று அந்த முகத்தைத் தேடுபவர்தான் நல்ல கேண்டிட் போட்டோகிராபர். அதேபோல மூச்சு வாங்கிக்கொண்டே நாதஸ்வரத்தைத் துடைக்கும் வித்வான், அடுப்படியில் நெற்றி வியர்வையோடு பாயசத்தை ருசி பார்க்கும் சமையல்காரர், கணக்குச் சீட்டோடு வாசலில் தனியாக நிற்கும் அப்பா... இவர்களும் சேர்ந்ததுதானே கல்யாணம்!

ஆனால், பார்ப்பதையெல்லாம் எடுத்துவிடவும் கூடாது. சம்பந்திகள் ஓரமாக நின்று வாக்குவாதம் செய்கிறார்கள். யாரோ ஒருவர் உடைந்து அழுகிறார். அங்கே கேமராவைக் கீழே இறக்கத் தெரிய வேண்டும். எடுத்துவிட்ட படமானாலும், ஒருவரைக் கூசிப்போக வைக்கும் என்றால் அது ஆல்பத்துக்குப் போகக் கூடாது. சாப்பிடும்போது வாய் திறந்த படம், சேலை விலகிய படம் எல்லாம் அன்றே நீக்கப்பட வேண்டியவை. ‘இயல்பு’ என்ற பெயரில் யாருடைய மரியாதையும் போய்விடக் கூடாது.

விருந்து முடிந்த பிறகு...

எல்லோரும் தாம்பூலப் பையோடு கிளம்பிய பிறகுதான் போட்டோகிராபரின் பயம் ஆரம்பிக்கும். நாள் முழுக்க எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள் விரல் நகம் அளவு கார்டில் இருக்கின்றன. கார்டு கெட்டால் எல்லாம் போச்சு! அதனால் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதியும் கேமராவைத்தான் கவனமானவர்கள் பயன்படுத்துகிறார்கள். வீடு திரும்பியதும் தூங்குவதற்கு முன்பே வேறு வேறு இடங்களில் பிரதி எடுத்து வைப்பார்கள்.

அடுத்து, ஆயிரக்கணக்கானவற்றிலிருந்து சில நூறு படங்களைப் பொறுக்கி, நிறம் திருத்தும் வேலை. இங்கே நேர்மைக்கு ஒரு சோதனை உண்டு. ‘பொண்ணைக் கொஞ்சம் கலராக்கிடுங்க’ என்ற கோரிக்கை! பட்டின் அரக்கும் மஞ்சளின் நிறமும் சரியாக வர வேண்டும் என்று பாடுபடுபவர், மாநிற முகத்தை மட்டும் வெளுக்க வைத்தால் அது யாருடைய படம்?

வருமானமும் சீராக வருவதில்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கேமராவுக்கு ஓய்வு. லென்ஸுக்கு வாங்கிய கடனின் தவணைக்கு ஓய்வு கிடையாது.

புக் செய்யும் முன் கவனியுங்கள்!

* இன்ஸ்டாகிராமில் இருக்கும் பத்து அழகான படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏதாவது ஒரு கல்யாணத்தின் முழுத் தொகுப்பையும், அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு காட்டச் சொல்லுங்கள். இருட்டு மண்டபத்தில் எடுத்தவற்றை முக்கியமாகப் பாருங்கள்.

* பேசியவரே நேரில் வருவாரா, வேறு ஆளை அனுப்புவாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை படங்கள், எத்தனை நாளில், ஆல்பத்துக்குத் தனிக் கட்டணமா என்பதையும்தான்.

* 1957-ம் வருட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை! எனவே, கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். உங்கள் வீட்டுப் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா, கூடாதா என்பதை அதிலேயே குறிப்பிடுங்கள்.

* மேடைப் படங்கள் தேவையே இல்லை என்று நினைக்காதீர்கள். சித்தப்பா குடும்பம் வரிசையாக நிற்கும் படமும் வேண்டும். இரண்டு பாணியும் சேர்ந்தால்தான் ஆல்பம் நிறையும்.

* தாலி கட்டும்போது செல்போனை இறக்கிவைக்கும்படி உறவினர்களிடம் முன்பே அன்பாகச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, காசு செலவில்லாதது. கல்யாணத்துக்கு முதல் நாள் போட்டோகிராபரிடம் ஒரு சின்னப் பட்டியல் கொடுங்கள். யார் யாரை மேடையில் எடுக்க வேண்டும் என்ற பட்டியல் அல்ல, அது எப்படியும் நடந்துவிடும். யாரெல்லாம் மேடைக்கு வர மாட்டார்கள் என்ற பட்டியல். நடக்க முடியாத தாத்தா முதல் வரிசை நாற்காலியில் இருப்பார். கூச்சப்படும் அத்தை சமையல்கட்டுப் பக்கம் இருப்பார். ‘நான் எதுக்கு அங்க?’ என்று ஒதுங்கும் அம்மா, தூணுக்குப் பின்னால் இருப்பார்.

இருபது வருடம் கழித்து ஆல்பத்தைத் திறக்கும்போது, விரல் முதலில் தேடப்போவது அவர்களைத்தான்!