பாடநூலில் ஒரு தொழிற்சாலைக் குறி

மோட்டார்த் தொழிலே ஜீவனாதாரமாகிவிட்ட ஓசூர்ப் பிரதேசத்தில், தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளின் பாடநூல்களில் அச்சாகியிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரமாகிய கியூஆர் கோடும் அதே தொழிலிலிருந்து பிறந்ததுதான் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். உதிரிபாகப் பெட்டி ஒன்றுக்கே பல பார்கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சலித்த தொழிலாளரின் சிரமத்தைப் போக்க, ஜப்பானின் மோட்டார் உதிரிபாக நிறுவனமான டென்சோவில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய சகாக்களும் 1994-இல் இதனை உருவாக்கினர்.

இதன் மூன்று மூலைகளிலும் உள்ள சதுரங்களை உற்றுப் பாருங்கள். எந்தப் பக்கமிருந்து நடுவழியே கோடிழுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்திலேயே மாறி மாறி வரும். பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் ஆராய்ந்து, அச்சில் மிக அரிதாகவே தென்படும் விகிதமாக அவர்கள் தேர்ந்தது இது. ஆகவே, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் கைப்பேசி குறியைக் கண்டுகொள்கிறது. கணிதவியலாளர்களான ரீடும் சாலமனும் 1960-இல் வகுத்த கணித முறையினால், குறியில் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் செய்தியை மீட்க முடியும். மை கொட்டிய பக்கமும் பெரும்பாலும் பயனற்றுப் போவதில்லை.

தமிழ்நாட்டில் 2018-இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளின் புதிய பாடநூல்களில் இக்குறி இடம்பெற்றது. பாடக் காட்சி குறிக்குள் இல்லை. அது இருக்கும் இடத்தின் விலாசமே உள்ளது. தீக்ஷா என்னும் கல்விச் செயலியில் குறியின் அருகே அச்சாகியுள்ள ஆறு எழுத்துகளைத் தட்டினாலும் அதே பாடம் திறக்கும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டுத் தமிழ் வகுப்பில் வந்து அமரும் குழந்தைக்கு, புரியாத இடத்தை மீண்டும் மீண்டும் கேட்கும் வசதி பேருதவி என்பதே என் துணிபு. ஆனால் வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையோடு ஷிப்டுக்குப் போய்விடுகையில், ஆசிரியர் முன்கூட்டியே பாடத்தை இறக்கி வைத்து வகுப்பில் காட்டுவதே தக்க மார்க்கம்.

மாணவர் இக்குறியைப் படிப்பதோடு நின்றுவிடலாகாது. தாமே ஆக்கவும் வேண்டும். காப்புரிமை பெற்றிருந்தும் கட்டணம் கேளாமல் டென்சோ நிறுவனம் இதனைப் பொதுவில் விட்டிருக்கிறது. சிறு கட்டுரையானால் இணையமே வேண்டாம். மிகப் பெரிய குறியில் 2,953 பைட்டுகள் அடங்கும், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டு வேண்டும் என்று கொண்டால், சுமார் 980 குறியீடுகள் அதற்குள்ளேயே பொதியும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குழந்தை ஒன்று, பாட்டியிடம் கேட்டறிந்த ராகி விதைப்பு முறையை ஒரு பத்தியாக எழுதி, அதைக் குறியாக்கிப் பள்ளிச் சுவரில் ஒட்டிவிட்டால், சிக்னல் எட்டாத இடத்திலும் அதைப் படிக்கலாம்.